இடதும் வலதும் கூட்டு சேர்ந்தா எந்த எடத்துல முட்டும்னு முன்கூட்டியே பாக்குறது எப்படி

புதுசா ஒரு கூட்டணி அறிவிச்சா போதும், டீக்கடையோ ஃபேமிலி வாட்ஸப் குரூப்போ, ரெண்டே டயலாக் தான் ஓடும். ஒண்ணு, இதெல்லாம் ஆறு மாசம் தாங்காது. இன்னொண்ணு, அரசியல்ல நிரந்தர எதிரியும் இல்ல நிரந்தர நண்பனும் இல்ல. ரெண்டையும் எந்தக் கூட்டணிக்கு வேணாலும் சொல்லலாம், அதனாலயே ரெண்டாலயும் ஒரு பிரயோஜனமும் இல்ல. நானும் அப்படித்தான் பேசிட்டுத் திரிஞ்சேன், 2007 ஆகஸ்ட்ல மன்மோகன் சிங் கவர்மெண்ட் இன்னும் பத்து நாள்ல கவுந்துடும்னு ரூம்மேட் கிட்ட பிரியாணி பந்தயம் கட்டி தோத்தேன், அந்த கவர்மெண்ட் அதுக்கப்புறம் பதினோரு மாசம் லெஃப்ட் ஆதரவோடயே ஓடுச்சு, லெஃப்ட் போன அப்புறமும் கவுறல. பிரியாணி காசு போனதுக்கப்புறம் தான் ஒழுங்கா உக்காந்து பாக்கணும்னு தோணுச்சு. கொள்கைல எதிரும் புதிருமா இருக்குற ரெண்டு பக்கம் சேர்ந்து ஆட்சி நடத்தப் போறோம்னு சொன்னா அதை எப்படி பாக்கணும்ங்கிறது தான் இந்த கைடு. உதாரணம் பெரும்பாலும் டெல்லிலேருந்து எடுத்திருக்கேன், நடுவுல கொஞ்சம் ஜெர்மனி, ஒரே ஒரு லண்டன்.

காங்கிரஸை எப்படி வலதுனு சொல்லுவனு யாராவது கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், 1991 தாராளமயத்துக்கு அப்புறம் பொருளாதார விஷயத்துல கம்யூனிஸ்ட் நின்ன எடத்துலேருந்து பாத்தா காங்கிரஸ் வலது தான். பிஜேபி நின்ன எடத்துலேருந்து பாத்தா இடது. நிக்கிற எடத்தைப் பொறுத்தது.

முதல்ல தொகுதிப் பங்கீட்டைத் தூக்கி ஓரமா வைங்க. நம்ம ஊர்ல கூட்டணின்னாலே அது தான் ஞாபகம் வரும், உனக்கு எத்தனை எனக்கு எத்தனை, எந்தத் தொகுதி, சின்னம் என்ன. அது ஓட்டுக் கணக்கு, அதுல யாரும் கொள்கையை விட்டுக்கொடுக்கத் தேவையே இல்ல. 2004ல ரெண்டு கம்யூனிஸ்ட் கட்சியும் திமுக, காங்கிரஸ் கூட நின்னாங்க, 39 தொகுதியும் அந்த அணிக்கே போச்சு. 2009ல அதே ரெண்டு கட்சியும் அதிமுக அணில, தென்காசியும் கோயம்புத்தூரும் ஜெயிச்சாங்க. இந்த அஞ்சு வருஷத்துல யாரோட பொருளாதாரக் கொள்கையும் மாறல. அதுவும் 2004ல தமிழ்நாட்டுல ஒரே மேடைல காங்கிரஸ் கூட கை தூக்குன அதே மார்க்சிஸ்ட் கட்சி கேரளால காங்கிரஸுக்கு ஒரு சீட் கூட இல்லாம துடைச்சுது. அதனால மேடைல யார் யார் கையைத் தூக்கிப் பிடிக்கிறாங்கனு பாத்து எதையும் முடிவு பண்ணாதீங்க. கொள்கைச் சமரசம்னு ஒண்ணு இருந்தா அது தேர்தல் முடிஞ்சு, யாருக்கும் மெஜாரிட்டி வராம, பேப்பர்ல எழுதி கையெழுத்துப் போடும்போது தான் ஆரம்பிக்குது. அந்த பேப்பர் தான் நமக்கு வேணும்.

2004 மே மாசம் காங்கிரஸுக்கு 145, பிஜேபிக்கு 138, இடதுசாரிகளுக்கு மொத்தமா 59. இடதுசாரி மந்திரிசபைக்குள்ள போகல, வெளியிலிருந்து ஆதரவு. அதுக்கு எழுதுன பேப்பர் தான் குறைந்தபட்ச பொதுச் செயல்திட்டம், மே 27 அன்னைக்கு வெளியிட்டாங்க. இந்த மாதிரி ஒரு பேப்பர் கைல கிடைச்சா ஒரு பென்சிலை எடுத்துட்டு உக்காருங்க. ஒவ்வொரு வரியையும் படிச்சுட்டு ஒரே ஒரு கேள்வி: இதைப் பாதியாக்குனா சண்டையும் பாதியாகுமா?

ஆகும்னா அந்த வரியைப் பத்தி கவலைப்பட வேண்டாம், டிக் போட்டுட்டு நகருங்க. காசு, சதவீதம், எத்தனை நாள், எத்தனை மாவட்டம், எப்போலேருந்து, இதெல்லாம் அந்த வகை. நூறு நாள் வேலைத் திட்டத்தைப் பாருங்க. 2004 டிசம்பர்ல கொண்டுவந்த மசோதா ஏழைக் குடும்பத்துக்கு மட்டும்னு இருந்துச்சு, எப்போ நாடு முழுக்க வரும்னும் உறுதியா இல்ல. ஒரு பக்கம் இவ்ளோ காசுக்கு எங்க போறதுனு கணக்கு பாக்குற ஆளுங்க, இன்னொரு பக்கம் இது எல்லாருக்கும் உரிமைனு நிக்கிற லெஃப்ட். கடைசில 2005ல சட்டமா வரும்போது கிராமத்துல இருக்குற எந்தக் குடும்பமும் கேக்கலாம்னு ஆச்சு, ஆனா மொத்தமா ஒரே நாள்ல வேண்டாம், 2006 பிப்ரவரில 200 மாவட்டத்துல ஆரம்பிப்போம்னு ஆச்சு, 2008 ஏப்ரல்ல எல்லா மாவட்டத்துக்கும் வந்துச்சு. யாருக்குங்கிறதுல ஒருத்தர் ஜெயிச்சாங்க, எப்போங்கிறதுல இன்னொருத்தருக்கு மூச்சு விட டைம் கிடைச்சுது. ஜெர்மனில 2013ல மெர்கெல் கட்சியும் சோஷியல் டெமாக்ரட்டும் சேர்ந்தப்ப குறைந்தபட்ச கூலி ஒரு மணி நேரத்துக்கு 8.50 யூரோனு எழுதுனாங்க, 2015லேருந்துனு தேதி போட்டாங்க, சில தொழிலுக்கு இன்னும் கொஞ்ச நாள் விலக்குனு போட்டாங்க, முடிஞ்சுது. தேதியும் தொகையும் இருக்குற எடத்துல பேரம் எப்பவும் படியும், கொஞ்சம் சத்தம் போட்டுட்டு படியும், அவ்ளோ தான்.

பங்கு விற்பனையும் பாக்கறதுக்கு நம்பர் மாதிரி தான் தெரியும், ஆனா இங்க தான் உஷாரா இருக்கணும். 2005ல பெல்ங்கிற அரசு நிறுவனத்துல 10 சதவீதப் பங்கை விக்கலாம்னு அரசு சொன்னப்ப, வெறும் 10 தானே, கண்ட்ரோல் அரசு கிட்ட தானே இருக்கும்னு வாதம். பாதியாக்கி பாருங்க, 5னு சொல்லிருந்தா லெஃப்ட் ஒத்துட்டிருக்குமா? ஒத்துட்டிருக்க மாட்டாங்க. அரசும் லெஃப்டும் சேர்ந்து பேசுற ஒருங்கிணைப்புக் குழுவுக்கே இனிமே வரமாட்டோம்னு உக்காந்துட்டாங்க, விற்பனை நின்னுச்சு. அடுத்த வருஷம் நெய்வேலி நிலக்கரி நிறுவனம். அதே 10 சதவீதம், ஆனா இந்த தடவை கத்துனது மந்திரிசபைக்குள்ளயே இருந்த திமுக, வெளிய தொழிலாளர் ஸ்ட்ரைக், 2006 ஜூலைல பிரதமர் நெய்வேலியை மட்டும் இல்ல எல்லா பங்கு விற்பனையையுமே நிறுத்தி வெச்சாரு.

நெய்வேலிக் கதையோட அடுத்த பாகம் தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பங்குச்சந்தை விதிப்படி அரசு நிறுவனம்னாலும் 10 சதவீதமாவது வெளிய இருக்கணும்னு வந்ததும் 2013ல மறுபடி விக்கணும்னு டெல்லி கிளம்புச்சு, மறுபடி ஸ்ட்ரைக், மறுபடி எதிர்ப்பு. அப்ப ஜெயலலிதா அரசு என்ன பண்ணுச்சுன்னா, விக்கிறதா இருந்தா எங்ககிட்ட வித்துடுங்கனு சொல்லி தமிழ்நாடு அரசோட சொந்த நிறுவனங்கள் மூலமா அந்தப் பங்கை வாங்கிடுச்சு. டெல்லிக்கு விதி நிறைவேறுச்சு, காசும் வந்துச்சு, நெய்வேலில தனியார் கைக்குப் போச்சுனு யாரும் சொல்ல முடியல. எவ்ளோங்கிற கேள்வில முட்டிக்கிட்டு நின்ன விஷயம் யாருக்குங்கிற கேள்வில தொறந்துச்சு. ஸோ, ஒரு வரி பாதியாக மாட்டேங்குதுனா உடனே இது தீராதுனு சிவப்பு பென்சில்ல கோடு போடாதீங்க, அந்த வாக்கியத்துல இருக்குற வேற எந்த வார்த்தையை மாத்தலாம்னு ஒரு தடவை பாருங்க. யாரு வாங்குறா, யாரு நடத்துறா, யாரு பேருல. பல தடவை வழி அங்க தான் இருக்கும்.

அப்படியும் மாறாதது இருக்கு. 1990 மண்டல். வி.பி.சிங் அரசு எப்படி நின்னுச்சுனு ஞாபகம் இருக்கா, 1989ல ஜனதா தளத்துக்கு 143 தான், அந்தப் பக்கம் பிஜேபி 85, இந்தப் பக்கம் மார்க்சிஸ்ட் 33, இந்திய கம்யூனிஸ்ட் 12, ரெண்டு பக்கமும் மந்திரிசபைக்குள்ள போகாம வெளிலேருந்து தாங்குனாங்க. நிஜமாவே இடதும் வலதும் ஒரே பல்லக்கைத் தூக்குன காலம். வாரா வாரம் பிரதமரோட டின்னர்ல ரெண்டு பக்கத் தலைவர்களும் உக்காந்து சாப்பிடுவாங்க. 1990 ஆகஸ்ட் 7, பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசு வேலைல 27 சதவீதம்னு அறிவிப்பு. இங்க கவனிக்க வேண்டியது, அந்த 27ங்கிற நம்பரே ஒரு சமரசம் தான். மண்டல் கமிஷன் கணக்குல பிற்படுத்தப்பட்டோர் 52 சதவீதம். ஆனா கோர்ட் வெச்ச வரம்பு 50, ஏற்கனவே எஸ்சி எஸ்டிக்கு 22.5, மிச்சத்துல எவ்ளோ அடங்குமோ அதான் 27, கூட்டுனா 49.5. அதாவது கிட்டத்தட்ட பாதியாக்கின நம்பரைத் தான் அறிவிச்சாங்க. வடக்குல தெருவுல எரிஞ்ச தீ பாதியாச்சா? 15னு சொல்லிருந்தாலும் அதே தீ தான். ஏன்னா சண்டை சதவீதத்துல இல்லவே இல்ல, ஆபீஸ்ல யார் பக்கத்துல யார் உக்காரலாம்ங்கிறதுல. இங்க தமிழ்நாட்டுல 1980லயே 68க்கு வந்தாச்சு, அதனால நமக்கு அந்தக் கோபம் அப்ப டிவில பாக்க வேத்துகிரகம் மாதிரி இருந்துச்சுனு எங்க பெரியப்பா சொல்லுவாரு.

மண்டலுக்கு எதிரா பிஜேபி நேரா நிக்க முடியாது, அவங்களுக்கும் பிற்படுத்தப்பட்டோர் ஓட்டு வேணும். ஸோ செப்டம்பர் 25 அத்வானி சோம்நாத்லேருந்து ரதத்தைக் கிளப்புனாரு. அக்டோபர் 23 சமஸ்திப்பூர்ல லாலு அரசு அவரைக் கைது பண்ணுச்சு, அன்னைக்கே ஆதரவு வாபஸ். நவம்பர் 7 நம்பிக்கை வாக்கெடுப்புல வி.பி.சிங்குக்கு 142, எதிரா 346. பாதியாக்க முடியாத ஒரு விஷயத்தை ஒரு பக்கம் எடுத்தா, இன்னொரு பக்கமும் தன்கிட்ட இருக்குற பாதியாக்க முடியாத விஷயத்தை எடுக்கும்னு இதுலேருந்து குறிச்சு வெச்சுக்கோங்க. பேப்பர்ல சிவப்புக் கோடு ஒண்ணே ஒண்ணு தான் இருக்குனு நிம்மதி ஆகாதீங்க, அதுக்கு ஜோடி எங்கயோ இருக்கும், தேடுங்க.

அடுத்த வேலை, பேப்பர்ல இல்லாததைப் படிக்கிறது. கேக்க கிறுக்குத்தனமா இருக்கும், ஆனா நான் பிரியாணி தோத்ததே இதைப் பண்ணாததால தான். இல்லாதது ரெண்டு வகை.

ஒண்ணு, தெரிஞ்சே பரண்ல தூக்கி வெச்சது. 1998ல வாஜ்பாய் கூட்டணி அமைச்சப்ப அயோத்தி கோயில், காஷ்மீருக்கான 370வது பிரிவை எடுக்கறது, பொது சிவில் சட்டம் மூணும் தேசிய செயல்திட்டத்துல கிடையாது. அதனால தான் ஜார்ஜ் பெர்னாண்டஸ் மாதிரி வாழ்க்கை முழுக்க சோஷலிஸ்டா இருந்தவர் அந்தக் கூட்டணிக்கு ஒருங்கிணைப்பாளரா இருக்க முடிஞ்சுது, 1999ல திமுகவும் போய் உக்கார முடிஞ்சுது, 2003 டிசம்பர் வரைக்கும் உக்காந்தாங்க. அப்ப இங்க பலபேர் சொன்னது, பிஜேபி மாறிடுச்சு, மிதமாயிடுச்சுனு. பரண்ல வெச்சதை யாரும் பழைய பேப்பர்காரனுக்குப் போடல. தனி மெஜாரிட்டி வந்த அப்புறம் 2019 ஆகஸ்ட்ல 370 எறங்குச்சு, 2024 ஜனவரில கோயில் திறப்பு. இதைத் துரோகம்னு சொல்றதுக்கும் இல்ல, எழுத்துல எங்கயும் கைவிடுறோம்னு அவங்க சொல்லவே இல்லையே. இந்தக் கூட்டணி இருக்குற வரைக்கும் எடுக்க மாட்டோம்ங்கிறது மட்டும் தான் பேச்சு. நம்ம பக்கம் அதை வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டா அது படிச்சவன் தப்பு. பரண் எவ்ளோ நாள் தாங்கும்னு தெரியணும்னா அந்தப் பெரிய கட்சிக்கு சின்னவங்க தயவு எவ்ளோ நாள் வேணும்னு மட்டும் பாருங்க.

ரெண்டாவது வகை இன்னும் மோசம், எழுதும்போது இல்லவே இல்லாத விஷயம். குறைந்தபட்ச பொதுச் செயல்திட்டத்துல வெளியுறவுக்குனு ஒரு பகுதி இருக்கு, அமெரிக்கா கூட நெருக்கமும் இருக்கும் சுதந்திரமான நிலைப்பாடும் இருக்கும்னு போகும். நல்லா கவனிங்க, ஒரே வாக்கியத்துல ரெண்டு பேருக்கும் பிடிச்சதைப் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சிருக்காங்க, மோதிக்கிட்டா எதுக்கு முதல் மரியாதைனு சொல்லல. இந்த மாதிரி வாக்கியம் எங்க பாத்தாலும் பென்சில்ல வட்டம் போடுங்க. எழுதுனவங்களுக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும், பின்னாடி எல்லாருக்கும் போச்சு.

2005 ஜூலை 18 வாஷிங்டன்ல புஷ்ஷும் மன்மோகனும் கூட்டறிக்கை, சிவில் அணுசக்தி ஒத்துழைப்பு. லெஃப்டுக்கு இது மின்சாரம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்ல. இருக்குற, கட்டிட்டிருக்குற 22 ரியாக்டர்ல 14ஐ சர்வதேசக் கண்காணிப்புக்கு வைக்கிறதா அரசு சொல்லுச்சு. பென்சில் கேள்வி கேளுங்க, 14க்குப் பதிலா 10னு போட்டிருந்தா? ஒண்ணும் மாறிருக்காது. அமெரிக்காவோட மூலோபாயக் கூட்டாளியா இந்தியா போகலாமா கூடாதாங்கிறது தான் அவங்க கேள்வி, அதுல பத்து சதவீதம் போறதுனு ஒண்ணு கிடையாது. மன்மோகனுக்கும் அப்படியே, இதை விட்டா தன் ஆட்சிக்கு என்ன அர்த்தம்ங்கிற அளவுக்குப் போயிட்டாரு. 2007 ஆகஸ்ட்ல அந்த அணுசக்தி ஒத்துழைப்புக்கான 123 ஒப்பந்தம் வெளிய வந்ததும் ஒரு கொல்கத்தா பேப்பர் பேட்டில, ஆதரவை வாபஸ் வாங்கறதுனா வாங்கிக்கட்டும்ங்கிற ரேஞ்சுக்குப் பேசிட்டாரு. நான் பந்தயம் கட்டுனது அன்னைக்கு தான்.

ஏன் உடனே உடையல? கமிட்டி. பிரணாப் முகர்ஜி தலைமைல ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரு குழு, அது கூடுது, கூடுது, கூடிட்டே இருக்கு. நவம்பர்ல லெஃப்ட் சொன்னாங்க, சர்வதேச அணுசக்தி முகமை கிட்ட போய் பேசுங்க, ஆனா முடிச்சுட்டு வராதீங்க, குழு முடிவுக்கு அப்புறம் தான். பேசலாம் முடிக்கக் கூடாது! இதைப் படிச்சுட்டு சிரிக்காதீங்க, இந்த மாதிரி வரி தான் ஒரு கூட்டணிக்கு எட்டு மாசம் ஆயுசு கொடுக்கும். கல்யாணத்தை நிறுத்த மனசில்லாம ஆடி போகட்டும், புரட்டாசி போகட்டும்னு தள்ளுற வீடு மாதிரி. ஸோ கணிக்கிறவங்களுக்கு ஒரு டிப்ஸ், கமிட்டி போட்டா பிரச்சனை தீராது, ஆனா தேதி தள்ளிப்போகும், பந்தயம் கட்டுறதா இருந்தா கமிட்டி முடியுற அன்னைக்கு மேல கட்டுங்க.

அதுக்கப்புறம் பாக்க வேண்டியது வேற கதவு. மிரட்டுறவங்க கிட்ட என்ன பலம் இருக்குன்னா, அவங்க போனா கவர்மெண்ட் விழுங்கிறது மட்டும் தான். அந்த எடத்துக்கு வேற ஆள் வர முடியும்னா மிரட்டல் அன்னைக்கோட செல்லாக்காசு. 2004லேருந்து லெஃப்டோட 59 இல்லாம அரசு இல்லங்கிற கணக்கு. சமாஜ்வாடி கிட்ட 39 பேர், காங்கிரஸுக்கும் அவங்களுக்கும் எண்ணெயும் தண்ணியும். 2008 ஜூன் கடைசில அந்த எண்ணெய் தண்ணில கரைய ஆரம்பிச்சுது. ஜூலை 8 பிரதமர் ஜி8 மாநாட்டுக்கு ஜப்பான் போன நேரத்துல லெஃப்ட் வாபஸ் அறிவிச்சாங்க, ஜூலை 22 வாக்கெடுப்பு, 275க்கு 256, அரசு பொழச்சுது. அன்னைக்கு ஓட்டுக்கு லஞ்சம்னு சொல்லி சபைலயே நோட்டுக்கட்டைத் தூக்கிக் காமிச்சதெல்லாம் நீங்க பாத்திருப்பீங்க, எங்க மெஸ்ல டிவி முன்னாடி சாப்பாடு பரிமாறுறவரே கரண்டியோட நின்னுட்டாரு. பாக்கெட்ல 59 வெச்சிருக்கவன் பக்கத்து வீட்டுல 39 சும்மா இருக்கானு தினமும் எட்டிப் பாக்கணும், லெஃப்ட் கொஞ்சம் லேட்டா பாத்தாங்கனு தான் என் அபிப்பிராயம். வாபஸ் வாங்குறதா இருந்தா 2007 நவம்பர்லயே வாங்கிருக்கணும், கமிட்டிக்குப் போனது தான் தப்புனு நினைக்கிறவன் நான், ஒத்துக்காதவங்க நிறைய இருக்காங்க.

கூடவே இன்னொண்ணு, ஒட்டவெச்ச பசை எதுனு பாருங்க. 1989ல ராஜீவ் காந்தி காங்கிரஸ் வரக்கூடாது, அது பசை. 2004ல பிஜேபி வரக்கூடாது. எதிரி பயத்துல ஒட்டுனது எதிரி பலமா இருக்குற வரைக்கும் நல்லாவே ஒட்டும், சொந்தக் கொள்கையை விட நல்லா ஒட்டும். ஆனா வி.பி.சிங் காலத்துல பிஜேபிக்கு ஒரு கட்டத்துல, காங்கிரஸைத் தடுக்குறதை விட தானே காங்கிரஸ் எடத்துக்கு வர முடியும்னு தெரிஞ்சு போச்சு. அங்க பசை காஞ்சுது.

இப்போ காசு. எந்தக் கூட்டணியும் ஆரம்பத்துல சுலபமா ஓடுறதுக்கு ஒரு ரகசியம் இருக்கு, மூணாவது பாக்கெட். இடது செலவு கேக்கும், வலது வரி ஏத்தாத கடன் வாங்காதனு கேக்கும், ரெண்டையும் ஒரே நேரத்துல கொடுக்கணும்னா எங்கயோ ஒரு பழைய காசு இருக்கணும். ஜெர்மனில 2021ல சோஷியல் டெமாக்ரட், பசுமைக் கட்சி, வியாபாரிங்க கட்சியான எஃப்டிபி மூணும் சேர்ந்தாங்க. அங்க அரசியல் சட்டத்துலயே கடனுக்கு பிரேக் இருக்கு. எஃப்டிபி பிரேக்குல கால வெச்சுட்டு எடுக்க மாட்டேங்குது, பசுமைக்குப் பருவநிலைக்குக் காசு வேணும். கொரோனாவுக்குனு ஒதுக்கி செலவாகாத 60 பில்லியன் யூரோ கடன் அனுமதியை அப்படியே பருவநிலை நிதிக்கு மாத்திக்கிட்டாங்க, எல்லாரும் ஹேப்பி. 2023 நவம்பர் 15 கார்ல்ஸ்ரூஹேல இருக்குற அரசியல் சட்டக் கோர்ட் அது செல்லாதுனுடுச்சு. மூணாவது பாக்கெட் ஓட்டையானதும் ஒரு வருஷம் கூட தாங்கல, 2024 நவம்பர் 6 பிரதமர் ஷோல்ஸ் நிதி அமைச்சர் லிண்ட்னரை நீக்கிட்டாரு, கூட்டணி காலி. காமெடி என்னன்னா அடுத்து வந்த மெர்ஸ், பிரேக்கைத் தொடமாட்டேன்ங்கிற மாதிரி பிரச்சாரம் பண்ணிட்டு, 2025 மார்ச்ல பழைய பார்லிமெண்ட் கலையுறதுக்குள்ள அவசர அவசரமா அரசியல் சட்டத்தைத் திருத்தி 500 பில்லியனுக்குத் தனி நிதி ஏற்படுத்துனாரு, அதுல 100 பில்லியன் பருவநிலைக்குனு பசுமைக் கட்சிக்குக் கொடுத்து ஓட்டு வாங்குனாரு. புது பாக்கெட் தெச்சுக்கிட்டு தான் அவர் சோஷியல் டெமாக்ரட் கூடவே கூட்டணிக்கு உக்காந்தாரு. பேப்பர் படிக்கும்போது ரெண்டு பேருக்குமே கேட்டதெல்லாம் கிடைச்ச மாதிரி இருந்தா, காசு எந்தப் பைலேருந்து வருதுனு தேடுங்க.

சின்னக் கட்சில நீங்க இருக்கீங்களா, இல்ல சின்னக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவங்களா? அப்ப இதை ரெண்டு தடவை படிங்க. பிரிட்டன்ல லிபரல் டெமாக்ரட் 2010 தேர்தலுக்கு முன்னாடி, காலேஜ் ஃபீஸ் ஏத்துனா எதிர்த்து ஓட்டுப் போடுவோம்னு ஒவ்வொரு வேட்பாளரா கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் கன்சர்வேடிவ் கூட கூட்டணி. ஒப்பந்தத்துல அவங்களுக்கு ஒரு ஜன்னல் தொறந்து தான் வெச்சிருந்தாங்க, ஃபீஸ் விஷயத்துல ஓட்டுப் போடாம ஒதுங்கிக்கலாம்னு. ஆனா அந்த ஜன்னல் வழியாவும் எல்லாரும் போகல, டிசம்பர் 9 ஓட்டெடுப்புல அந்தக் கட்சிக்காரங்களே சிலர் ஆதரிச்சு சிலர் எதிர்த்து சிலர் ஒதுங்கி, 323க்கு 302ல ஃபீஸ் 9,000 பவுண்டு வரைக்கும் போகலாம்னு ஆச்சு. 57 எம்பி வெச்சிருந்த கட்சி 2015ல 8. அவங்க அந்த அஞ்சு வருஷத்துல வேற எவ்ளோவோ சாதிச்சிருந்தாங்க, யாருக்கும் ஞாபகம் இல்ல. எண்ணிக்கைல சின்ன விஷயம் தான், ஆனா போட்டோ எடுத்த விஷயம். உங்க கட்சி எதோட போட்டோ எடுத்துக்கிச்சோ அதைப் பேரத்துக்கு மேசைல வைக்கவே கூடாது, வெச்சா வேற எதுல ஜெயிச்சாலும் வீட்டுக்குப் போக முடியாது. லெஃப்டும் 59லேருந்து 2009ல 24க்கு வந்தாங்க, ஆனா அதுக்கு அணு ஒப்பந்தத்தை விட மேற்கு வங்கத்துல சிங்கூர், நந்திகிராம் நிலப் பிரச்சனை பெரிய காரணம், அதனால ரெண்டையும் ஒரே தட்டுல வைக்க மாட்டேன்.

நீங்களே எழுதுற எடத்துல இருந்தா, யூனியன் தேர்தலோ பஞ்சாயத்து கூட்டோ எதுவா இருந்தாலும், ஜெர்மன்காரங்க கிட்டேருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கலாம். அங்க மாநிலக் கூட்டணி ஒப்பந்தங்கள்ல ஒரு வரி போடுவாங்க, மத்திய மேலவைல ஒரு விஷயத்துல நமக்குள்ள ஒத்துவரலைனா நம்ம மாநிலம் ஓட்டுப் போடாம ஒதுங்கும்னு. ஒத்துவராதுனு முன்னாடியே ஒத்துக்கிட்டு அன்னைக்கு என்ன பண்றதுனு எழுதி வெச்சுடறது. நம்ம ஆளுங்களுக்கு அப்படி எழுதவே கூச்சம், நல்ல காரியத்துல அபசகுனம் மாதிரி. அதே மாதிரி பாதியாக்க முடியாத விஷயத்தைக் கூட்டணியை விட்டு வெளிய எடுத்து மனசாட்சிப்படி ஓட்டுனு விட்டுடறதும் ஒரு வழி. 2017 ஜூன் 30 ஒரே பாலினத் திருமணம் அப்படித்தான் ஜெர்மனில வந்துச்சு, 393க்கு 226, மெர்கெல் எதிரா ஓட்டுப் போட்டாங்க, அவங்க ஆட்சி பாட்டுக்கு ஓடுச்சு. இந்தியால கட்சித் தாவல் சட்டம் இருக்குறதால கொறடா உத்தரவு இல்லாம எம்பிக்களை அவிழ்த்து விடுறதுக்குத் தலைவர்களுக்கு மனசே வராது, அதனால இந்தக் கதவு இங்க பெரும்பாலும் பூட்டியே இருக்கு.

கடைசியா பேப்பர்ல பதவி யார் யாருக்குனு பாருங்க, குறிப்பா ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல உக்கார வெச்ச ஆள் யாருனு. 2004ல மந்திரி பதவி வேண்டாம்னு சொன்ன மார்க்சிஸ்ட் கட்சி சபாநாயகர் பதவியை எடுத்துக்கிச்சு, சோம்நாத் சாட்டர்ஜி, போட்டியில்லாம தேர்வானவர். 2008 ஜூலைல வாபஸ் லிஸ்ட்டை ஜனாதிபதி கிட்ட கொடுத்தப்ப அதுல அவர் பேரும் இருந்துச்சு. சபாநாயகர் எந்தக் கட்சிக்கும் சொந்தம் இல்லனு அவர் சொன்னாரு, ராஜினாமா பண்ண மாட்டேன்னு சொன்னாரு, கட்சிக்கோ அவர் பிஜேபி கூட சேர்ந்து ஓட்டுப் போடலைங்கிறதை விட கட்சி சொல்லைக் கேக்கலைங்கிறது தான் பெருசு. 22ஆம் தேதி அந்த வாக்கெடுப்பை அவரே நாற்காலில உக்காந்து நடத்துனாரு. 23ஆம் தேதி கட்சி அவரை நீக்குச்சு, பத்து தடவை லோக்சபாவுக்குப் போனவரு. இப்படி ஒருத்தர் ஒப்பந்தத்துல இருந்தா பேரைத் தனியா எழுதி வெச்சுக்கோங்க, உடையுற அன்னைக்கு முதல்ல அவர் என்ன சொல்றாருனு பாக்கணும்.